கொட்டியாரக்குடா மணல்

ஏற்காடு

அன்புள்ள முருகேசு,

வீடு வந்து பத்து நாளாகிவிட்டது. காப்பிப் பழம் எடுக்கிற நேரம், ஆள் குறைவு. அதனால்தான் தாமதம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த வலி மட்டும் இல்லையென்றால் நீயும் மகாவலி கடலில் சேருகிற மூதூர் வரைக்கும் வந்திருப்பாய். அதனால் பார்த்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்ன வயதில் அங்கே இலங்கை மலையில் கொத்மலை ஓயா ஆற்றில் குளிக்கும்போது, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று சண்டை போடுவோமே. கொழும்புக்குத்தான் என்று நான் சாதிப்பேன். கொழும்புக்குப் போவது களனி கங்கை. நம் ஓயா கம்பளைக்கு மேலே மகாவலியில் சேர்கிறது. மகாவலி கண்டியைச் சுற்றி வளைந்து, கிழக்கே திரும்பி மலையை விட்டு இறங்குகிறது. மினிப்பேக்குப் பிறகு வடக்கே ஓடி, திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிறது. மொத்தம் 335 கிலோமீட்டர்.

இந்தச் சுற்றுவழியில்தான் அதன் அருமையே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நம் பக்கத்துச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் கீழே கிழக்குச் சமவெளியில் வறண்ட கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும். நம் தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகிய மழைதான் அங்கே வயலுக்குப் போயிருக்கிறது!

பொல்கொல்லையில் இறங்கி அணையைப் பார்த்தேன். ஆற்றில் ஒரு பங்கை அங்கே மலைக்குள் சுரங்கம் வழியாக வடக்கே திருப்புகிறார்கள். 1976இலிருந்து அப்படித்தான். அதில் மின்சாரம் எடுத்து அம்பன் கங்கைப் பக்கம் விடுகிறார்கள். அம்பன் கங்கையோ கீழே போய் மறுபடி மகாவலியிலேயே சேர்கிறது. அதைக் கேட்டதும், அந்தத் தண்ணீரைப் போல நானும் திருப்பி விடப்பட்டு, இந்தியாவுக்கு வரத் தலைமன்னாரில் கப்பலேறிய நாள் ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே சேர்வராயன் மலை தனித்து நிற்கிற மலை. அவ்வளவு மழை கிடையாது. கிளியூர் அருவி கோடையில் வெறும் பாறைதான். மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்தைத் தாண்டுவதற்குள் சாக்கடையாகிவிடுகிறது. பாலத்தில் போகும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அதுவும் காவிரிக்குப் போகிற ஆறுதானே.

சரி, மூதூருக்கு வருகிறேன். முகத்துவாரத்தில் தண்ணீர் அவசரமே இல்லாமல், பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. குனிந்து ஒரு கை மணல் அள்ளினேன். வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது. காக்காப்பொன்! மழை விட்டதும் நம் லயத்து வாசலில் மின்னுமே, தீப்பெட்டியில் சேர்த்து வைப்போமே, அதே காக்காப்பொன். மலை கரைந்து கரைந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மணலில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வெயிலில் பிரித்துப் பார்.

அன்புடன்,
செல்வராஜ்