சுவரில் தோட்டாவால் எழுதினார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்லைன் விளையாட்டுகளுக்குள் உளவாளிகளும் பயங்கரவாதிகளும் ரகசியம் பேசிக்கொள்வதாகச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்று மாலையே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. மருமகள், பத்தாவது படிக்கும் பேரனின் செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவன் படிக்கட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சொல்லப்பட்ட காரணம்தான் தொண்டையில் இறங்கவில்லை.

கட்டுரை பெரிதாகக் காட்டிய சாட்சி பாரிஸ் தாக்குதல். தாக்கியவர்கள் கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் சுவரைச் சுட்டே எழுதிச் சேதி சொன்னார்களாம். 2015 நவம்பர் 13-இல் 130 பேரைப் பலிகொண்ட அந்தச் சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு, பெல்ஜிய உள்துறை அமைச்சர் யான் ஜம்போன், வாட்ஸ்அப்பைவிட பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ கேம் கருவி வழியாக நடக்கும் பேச்சைக் கண்காணிப்பது கடினம் என்று ஒரு கூட்டத்தில் பொதுவாகச் சொல்லியிருந்தார். தாக்குதல் முடிந்த கையோடு அமெரிக்கப் பத்திரிகையான ஃபோர்ப்ஸின் இணையக் கட்டுரை ஒன்று இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது. போலீஸ் சோதனையில் பிளேஸ்டேஷனே சிக்கியதாகவும் எழுதியது. கால் ஆஃப் டியூட்டியில் சுவரைச் சுட்டுச் சுட்டு எழுத்து உண்டாக்கலாம் என்ற யோசனையும் அங்கே வந்ததுதான். அந்த 'உண்டாக்கலாம்', நம் இணைப்பில் 'உண்டாக்கினார்கள்' ஆகிவிட்டது! பிளேஸ்டேஷன் சிக்கியதாக எழுதியது தவறென்று பின்னர் திருத்தம் வந்தது. திருத்தத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்? தாக்குதல் நடந்த இடங்களில் ஒன்றான பட்டக்லான் இசை அரங்கத்துக்கு அருகே குப்பைத் தொட்டியில் கிடைத்த, தாக்கியவர்களின் போனில் இருந்தது, 'கிளம்பிவிட்டோம், ஆரம்பிக்கிறோம்' என்ற சாதாரண எஸ்எம்எஸ்.

நான் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2013-இல் தந்தி சேவை நிற்கும்வரை, வாழ்த்துத் தந்திக்கு வாசகம் எழுதவே வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், போகும் ஊரில் முழு வாழ்த்தாகப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் கல்யாண வாழ்த்தே சங்கேதம்தான். கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன தெரிந்திருக்கும்? அப்படியிருக்க, நாலு பேர் சுட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று ஒருவன் எதற்குச் சுவரில் அ, ஆ பழக வேண்டும்?

உளவுத் துறைகள் தேடிப் பார்க்காமலும் இல்லை. அமெரிக்காவின் என்எஸ்ஏவும் பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூவும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு, செகண்ட் லைஃப் என்ற இணையக் கற்பனை உலகம் போன்றவற்றை வேவு பார்த்ததை, என்எஸ்ஏ ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடென் மூலம் 2013 டிசம்பரில் வெளியான ஆவணங்கள் காட்டின. செகண்ட் லைஃபில் பல துறைகளின் ஆட்கள் குவிந்ததால், ஒருவர் வேலையில் இன்னொருவர் மோதாமல் பார்க்கத் தனிக் குழுவே வேண்டியிருந்ததாம். திருடனுக்காகத் தோப்பில் பதுங்கிய ஊர்க்காரர்கள் இருட்டில் ஒருவரையொருவர் அமுக்கிய கதைதான். பயங்கரவாதச் சதி எதையும் இப்படிப் பிடித்ததாக அந்த ஆவணங்களில் இல்லை. லண்டனில் திருட்டு கிரெடிட் கார்டு விவரம் விற்ற கும்பலை மடக்க உதவியது மட்டும் உண்டு.

விளையாட்டால் ராணுவ விஷயம் கசிந்ததே இல்லையா என்றால், கசிந்திருக்கிறது. 2021-இல் வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் விளையாட்டை விளையாடும் ஒருவர், அதில் சேலஞ்சர் 2 டாங்கியைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று வாதாடி, பிரிட்டிஷ் ராணுவக் கையேட்டின் பக்கங்களையே எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டார். சங்கேதமும் இல்லை, சதியும் இல்லை, வெறும் வீம்பு.

பாரிஸ் பகுதிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கட்டுரை வந்த அதே பக்கத்தில். பீரோ சாவி, அரையாண்டுப் பரீட்சை முடியும்வரை மருமகளிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தந்தி ஆபீஸ் தாத்தா,
கும்பகோணம்