இந்த ஞாயிறு மாடல் காருக்குச் சாயம் அடிக்கிறோம்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு காலை 10 மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் நாம் வழக்கமாகக் கூடும் வீட்டில் சந்திக்கலாம். பசியாறிவிட்டு வாருங்கள். 1/24 அளவு (நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு) மாடல் கார் கொண்டு வருபவர்கள் பாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து எடுத்து வாருங்கள்.

கோலாலம்பூரில் நம்மை அதிகம் சோதிப்பது காற்றின் ஈரம்தான். மழை நேரத்தில் லேக்கர் (சீக்கிரம் காயும் சாயம்) ஸ்பிரே அடித்தால், அதில் உள்ள தின்னர் (கரைப்பான்) ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, சாயம் வெள்ளையாகப் பூத்துவிடும். போன மாதம் என் கறுப்புக் காருக்கு அப்படித்தான் ஆனது, இரண்டு வார வேலை. மனசு ஆறவே இல்லை. அதனால் வெயில் ஏறிய பிறகு, மதிய மழைக்கு முன் அடித்து முடிப்போம். ஒரேயடியாக வேண்டாம், மூன்று நான்கு மெல்லிய பூச்சாக.

டாமியா (ஜப்பானிய மாடல் நிறுவனம்) சாயம் வாங்குபவர்கள் டிஎஸ் (TS) ஸ்பிரே கேன் பார்த்து வாங்குங்கள். பிஎஸ் (PS) கேன் பாலிகார்பனேட் பாடிக்கு உரியது, நம் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அப்புறம், எனாமல் சாயத்தின் மேல் லேக்கர் அடித்தால் அடியில் உள்ள எனாமலை அரித்துவிடும்.

ஸ்பிரே ஆவிக்குத் துணி முகக்கவசம் போதாது. கரி வடிகட்டி வைத்ததையே அணியுங்கள். பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், டீகல் (ஒட்டுப்படம்) ஒட்ட அவர்களுக்குத் தனி மேசை போடுகிறேன்.