அறுந்த மாலையையும் அனுப்பி வை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்த அந்த வரி கண்ணில் பட்டது. உன் கல்யாணத்துக்கு நான் கோத்துத் தந்த நீல மணி மாலை போன மாதம் அறுந்துவிட்டது, என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நீ ஏன் கூச்சப்பட வேண்டும்? தப்பு என்னுடையது. அன்றைக்குக் கையில் கிடைத்த ஒற்றை இழை நைலான் நூலில் கோத்தேன். புதிதில் அந்த நூலை எவ்வளவு இழுத்தாலும் அறாது. வெளிச்சமும் வருடங்களும் பட்டபின் இறுகி, ஒரு நாள் சட்டென்று ஒடிந்துவிடும். அந்த மணிகளின் துளை ஓரங்களும் கரடுமுரடானவை. கழுத்து அசையும்போதெல்லாம் நூலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கும். அது இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் மேஜை என் மேஜையாகிவிட்டது. ஆறு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் தினமும் கடை விரித்து, சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாவற்றையும் வாரி எடுத்து வைத்தவள் நான். இப்போது பாதி கோத்த மாலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடிகிறது. முதல் இரண்டு நாள் அந்த அறையில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஜன்னலை ஒட்டிய மேஜை, காலை பத்து மணி வரை நல்ல வெளிச்சம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் அலுவலகத்தில் ஒரு பெண் நீ போட்டிருந்த தோட்டைப் பார்த்து, இதுபோல எனக்கும் வேண்டும், எவ்வளவு என்று கேட்டாள். நீ வாயில் வந்த ஒரு தொகையைச் சொன்னாய். வீட்டுக்கு வந்து யோசித்தால் மணிக்கும் கம்பிக்குமே அது சரியாகப் போய்விட்டது. இனிமேல் விற்கலாமா, விற்றால் விலையை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய்.

விற்கலாம். உன் கை எனக்குத் தெரியும். ஆனால் விலைக்கு முன்னால், தோட்டைக் காதில் மாட்டும் கொக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நான் பட்ட பெரிய அடி கொக்கியில்தான்.

தொடங்கிய முதல் வருடம். தோடு வாங்கிப்போன ஒரு பெண் மூன்றாம் நாள் படம் அனுப்பினார். காது மடல் சிவந்து, துளையைச் சுற்றி நீர் கோத்திருந்தது. என்ன உலோகம் என்று கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. மணிகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள், பளபளவென்று இருக்கிறதே என்று பெயர் போடாத பாக்கெட்டில் இருந்த கொக்கிகளை வாங்கியிருந்தேன். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அது நிக்கல் ஒவ்வாமை. மலிவான கலப்பு உலோகங்களில் நிக்கல் சேர்ப்பார்கள். மேலே தங்கமோ வெள்ளியோ முலாம் பூசினாலும் அடியில் நிக்கல் பூச்சு ஒன்று இருப்பதுண்டு. முலாம் தேய, வியர்வை பட்டு நிக்கல் கரைந்து தோலுக்குள் போகும். ஒருவருக்கு ஒரு முறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. எனக்கு உறைத்த இடம் அதுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்தக் காதுக்கு எதைக் கொடுப்பது?

பணத்தைத் திருப்பினேன். அதே கொக்கி போட்ட தோடு வாங்கிய ஒவ்வொருவருக்கும் எழுதினேன், கழற்றி வைத்துவிடுங்கள், வேறு கொக்கி மாற்றித் தருகிறேன் என்று. பதினொரு பேர். டப்பா முழுக்க இருந்த மீதிக் கொக்கிகளைத் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து, என்ன உலோகம் என்று விற்பவர் எழுதித் தராத எதையும் வாங்குவதில்லை. காது சட்டென்று புண்ணாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு டைட்டானியம் அல்லது நியோபியம். மற்றவர்களுக்கு 925 வெள்ளி. அந்த எண்ணுக்கு அர்த்தம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. 316எல் என்று ஒரு எஃகு உண்டு, அதில் நிக்கல் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேலேயே இருக்கும். ஆனால் உள்ளே இறுகப் பிணைந்திருப்பதால் வெளியே வருவது மிகக் குறைவு. பலருக்கு அது ஒத்துக்கொள்ளும். என்றாலும் அதை விற்கும்போது 'நிக்கல் இல்லாதது' என்று எழுதாதே. பொய்யாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. குத்திய காதில் நுழையும் பகுதியிலிருந்து வாரத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் நிக்கலுக்கு மேல் வெளியேறக் கூடாது என்பது அங்கே வரம்பு. உலோகத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிடத் தோலுக்கு எவ்வளவு வருகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள்.

இப்போது கொக்கிகளை நானே செய்கிறேன். 20 கேஜ் கம்பி, அதாவது 0.8 மில்லிமீட்டர் தடிமன். (கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், முதலில் எனக்கு அது குழப்பமாகவே இருந்தது.) வளைத்தபின் நுனியை அரத்தால் தேய்த்து உருட்ட வேண்டும். கட்டைவிரல் நுனியில் வைத்துத் திருகிப் பார்ப்பேன். துளிகூடக் கீறக் கூடாது. பிறகு வளைவைச் சின்ன மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் கம்பி இறுகிக்கொள்ளும், போடும்போது நெளியாது. இன்னொன்று, இணைக்கும் சிறு வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனைகளையும் அகட்டாதே. இரண்டு குறடால் பிடித்து, ஒரு முனையை உன் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்பு. மூடும்போதும் அப்படியே. அகட்டிய வளையம் திரும்ப வட்டமாகாது. அந்த மயிரிழை இடைவெளி வழியாகத்தான் ஒரு நாள் தோடு நழுவி விழும். என் பழைய தோடுகளில் பாதி அப்படித்தான் தொலைந்தன.

நூல் வேலைக்கு நைலான் இழையை விட்டுவிட்டேன். முத்துக்குப் பட்டு நூல். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. அறுந்தால் ஒரு முத்துதான் விழும், மாலை முழுதும் சிதறாது. முத்தும் முத்தும் உரசித் தேய்வதும் இல்லை. முத்து மென்மையானது, படிகக்கல் பக்கத்தில் போட்டு வைத்தாலே கீறிக்கொள்ளும். வாசனைத் திரவியம், தலைக்குப் போடும் ஸ்ப்ரே எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் முத்தைப் போட வேண்டும். இதைத் துண்டுச் சீட்டில் என் கையெழுத்தில் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறேன். வெள்ளி என்றால், ரப்பர் பேண்டோடு சேர்த்து வைக்காதீர்கள் என்று எழுதுவேன். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைத்துவிடும்.

இனி விலை. ஒரு மாதம், நான் இந்த வேலைக்காகச் செலவிட்ட ஒவ்வொரு கால் மணியையும் நோட்டில் எழுதினேன். மாத முடிவில் கூட்டிப் பார்த்தேன். மாலை கோக்கும் நேரம் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? மணிகளைத் தரம் பிரித்தது, போட்டோ எடுத்தது, 'இதே மாதிரி பச்சையில் கிடைக்குமா' என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதியது, பெட்டி கட்டியது, பார்சல் அனுப்பப் போய் வந்தது. அதுவரை இவற்றை நான் வேலையாகவே எண்ணியதில்லை. வீட்டில் செய்கிற வேலைக்குக் கணக்குப் பார்க்காமல் வளர்ந்தவர்கள்தானே நாம்?

நோட்டின் இன்றைய பக்கத்தை அப்படியே சொல்கிறேன். ஒரு மாலைக்குக் கோக்கும் வேலை இரண்டு மணி நேரம். மற்றவை எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். ஆக மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு என் கூலி. அதோடு மணி, கம்பி, நூல், பெட்டி. தேய்ந்துபோகும் குறடு, மேஜை விளக்கு, வீணாகும் கம்பித் துண்டுகள், இணையத்தில் விற்றால் அங்கே பிடித்துக்கொள்ளும் கமிஷன், இவற்றுக்கு ஒரு பங்கு. இதெல்லாம் சேர்ந்து வருவது வெறும் அடக்க விலை. தொழில் நாளைக்கும் நடக்க வேண்டுமானால் இதன்மேல் லாபம் என்று ஒன்று வேண்டும். கடைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர்கள் பெரும்பாலும் விற்பனை விலையில் ஏறக்குறைய பாதிக்குத்தான் எடுப்பார்கள். அவர்களுக்கும் இடம், ஆள், வாடகை இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாதியிலும் உன் கூலி நிற்குமா என்று முதலிலேயே பார்த்துவிடு. நிற்காது என்றால் கடைக்குக் கொடுக்காதே.

இப்படிக் கணக்குப் போட்டபோது என் பாதிச் சரக்கு நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. மிகச் சிறிய மணிகளில் பின்னும் அகலக் காப்பு இருக்கிறதே, எல்லோரும் விரும்பிக் கேட்பது, அதற்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. அதன் சரியான விலையை எழுதிப் பார்த்து நானே பயந்துவிட்டேன். ஆனாலும் அந்த விலையையே வைத்தேன். மாதம் எட்டு போன காப்பு இப்போது ஒன்றோ இரண்டோ போகிறது. வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. கழுத்துவலியும் குறைந்திருக்கிறது. விலையேற்றியதில் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்று, இதை முதல் வருடமே செய்யவில்லையே என்பது.

உன்னிடம் அந்தப் பெண் மறுபடி கேட்டால், அந்த இடத்திலேயே தொகை சொல்லாதே. 'கணக்குப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல். நேரில் ஆசையாக முகத்தைப் பார்த்துக் கேட்பவரிடம் நம்மால் சரியான தொகை சொல்ல முடியாது, உன்னால் நிச்சயம் முடியாது. காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு. தெரிந்தவர்கள் குறைத்துக் கேட்பார்கள். கேட்கட்டும். மிக நெருங்கியவர்களுக்கு நான் பரிசாகவே கொடுத்துவிடுகிறேன், மனநிறைவோடு. மற்றவர்களுக்கு ஒரே விலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சலுகை விலை வைத்திருந்த காலத்தில்தான் எனக்கு மனக்கசப்புகள் வந்தன.

'கைவேலைதானே, பொழுதுபோக்குத்தானே' என்று ஒரு பேச்சு வரும், அதற்கும் தயாராக இரு. அதைக் கேட்டு விலையைக் குறைத்தாயானால், இதையே நம்பிக் குடும்பம் நடத்துகிற இன்னொருத்தியின் விலையும் சேர்ந்து இறங்கும். உனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, நீ நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வாய். அவளால் முடியாது. இதை நினைத்தாவது முழு விலை சொல்.

போட்டோ பற்றிக் கேட்டிருந்தாய். ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். ஒரு படமாவது காதிலோ கையிலோ போட்டு எடு, அளவு தெரிய வேண்டும். தோட்டின் எடையைக் கிராமில் எழுது. அப்புறம் முலாம் என்றால் முலாம் என்றே எழுது.

வீட்டுக்குள் தொழில் செய்வதில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. உன் பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். மணிகளை மூடி இறுகிய டப்பாக்களில், உயரத்தில் வை. விளிம்பு உள்ள தட்டில் துணி விரித்து வேலை செய். மணி உருண்டு ஓடாது. மாலையின் இரு முனைகளையும் காந்தத்தால் சேர்க்கும் கொக்கிகளை அவன் பெரியவனாகும்வரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதே. இரண்டு காந்தங்களைக் குழந்தை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

போன வாரம் ஒரு பார்சல் வந்தது. நான்கு வருடத்துக்கு முன் விற்ற காப்பு, நூல் நைந்து போயிருந்தது. வாங்கியவர் விழுந்த மணிகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து அனுப்பியிருந்தார். இரண்டு மணி மட்டும் இல்லை. அந்த நிறத்தில் மணி இப்போது வருவதில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இரண்டு சின்ன வெள்ளி மணிகள் வைத்துக் கோக்கட்டுமா என்று கேட்டு எழுதினேன். சரி என்றார். மணிகளின் உட்பக்கம் அவர் தோல் பட்டு வழவழப்பாகியிருந்தது. தினமும் போட்டிருக்கிறார். அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை எனக்கு, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நீல மாலையின் மணிகளை எடுத்து வைத்திருக்கிறாய் அல்லவா? எத்தனை கிடைத்ததோ அத்தனையும் அனுப்பு. துளைகளின் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்து, இந்த முறை முடிச்சுப் போட்டுக் கோக்கிறேன். ஒரு நூலைக் கழுத்தைச் சுற்றி, மாலை எங்கே விழ வேண்டுமோ அந்த அளவில் வெட்டி அதையும் கூட வை. கல்யாணத்தின்போது எடுத்த அளவு இப்போது சரிவராது. உன் காதுக்கு எந்த உலோகம் ஒத்துக்கொள்கிறது என்றும் எழுது. அந்தப் பெண்ணிடம் என்ன விலை சொன்னாய் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழி