கறுப்பு வெள்ளையில் ஒரு வண்ணப்படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 'ஆல் யூ நீட் இஸ் கில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு விமர்சனம் போட்டிருந்தீர்கள். கண் கூசும் அளவுக்கு வண்ணத்தை வாரி இறைத்துவிட்டார்கள், சாவைப் பற்றிய கதைக்கு இது பொருந்தவில்லை என்று எழுதியவர் குறைப்பட்டிருந்தார். அந்த வரிக்குப் பக்கத்திலேயே படத்தின் காட்சி ஒன்று. கறுப்பு வெள்ளையில்! முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் இரண்டு நாள் மனசில் அரித்துக்கொண்டே இருந்ததால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் பதினோரு வருஷம் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் பெயிண்ட் பிரிவில் இருந்தவள். வெளிநாட்டு டிவி தொடர்களுக்கான கோட்டோவியங்கள் வரும், கம்ப்யூட்டரில் நிறம் நிரப்பி அனுப்புவோம். சொல்லும்போது எளிதாக இருக்கும். ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் 12 படங்கள் வேண்டும். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், சட்டைக்குள் நிரப்பிய நிறம் வழிந்து வானம் முழுக்கப் பரவிவிடும். அதை 'லீக்' என்போம். ஒரே ஒரு படத்தில் காலர் நிறம் மாறிப்போயிருந்தாலும் ஓட்டிப் பார்க்கும்போது அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் சிமிட்டுவார்.

அதனால் நிறம் என்பது மேலே தூவுகிற சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

முதலில் ஒரு தகவல் பிழை. டாம் குரூஸ் நடித்த படத்தின் அனிமேஷன் மறு ஆக்கம் என்று விமர்சனத்தில் இருந்தது. அப்படியில்லை. ஹிரோஷி சகுராசாகா 2004-இல் எழுதிய ஜப்பானிய நாவல்தான் மூலம். 2014-இல் அது டாகேஷி ஒபாட்டாவின் ஓவியத்தில் மங்காவாகவும் (ஜப்பானியச் சித்திரக்கதை) வந்தது, 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' என்ற பெயரில் ஹாலிவுட் படமாகவும் வந்தது. இந்த அனிமேஷன் படத்தை எடுத்தது ஸ்டூடியோ 4 டிகிரி சி. (தண்ணீர் மிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ், பெயர் அதிலிருந்து வந்தது.) இயக்குநர் கெனிச்சிரோ அகிமோட்டோவுக்கு இது முதல் முழுநீளப் படம். 2025 ஜூனில் பிரான்ஸின் அன்னெசி அனிமேஷன் விழாவில் முதலில் காட்டி, 2026 ஜனவரியில் ஜப்பானில் வெளியிட்டார்கள்.

டைம் லூப் என்றால் என்ன என்று இப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் 'மாநாடு' வந்த பிறகு என் அக்காவே அடுத்தவருக்கு விளக்குகிறாள். செத்தால் அதே நாள் மறுபடி விடியும், அவ்வளவுதான். நாவலில் கெய்ஜி என்ற புதுப் படைவீரன் அப்படி மாட்டிக்கொள்கிறான். இது எத்தனையாவது முறை என்று கையின் பின்புறத்தில் பேனாவால் எண் எழுதி வைத்துக்கொள்வான். நாள் புதிதாகத் தொடங்கினால் கையில் இருந்த எண்ணும் போய்விடும் அல்லவா? எழுந்ததும் முதல் வேலையாக அடுத்த எண்ணை எழுதுவான். நாவலில் என்னை ஆட்டிவைத்தது சண்டைகள் அல்ல, அந்த எண்தான்.

ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு எண் இருந்தது. எங்கள் வேலையில் 'ரீடேக்' என்று ஒன்று உண்டு. முடித்து அனுப்பிய காட்சி திருத்தச் சொல்லித் திரும்பி வரும். ஒரு பெண் ஜன்னலைத் திறக்கும் மூன்று நொடிக் காட்சி எனக்கு ஆறு முறை வந்தது. முதல் தடவை லீக். இரண்டாம் தடவை வளையலில் நிழல் விடுபட்டிருந்தது. மூன்றாம் தடவை, அந்தக் காட்சி காலை இல்லை, மாலை என்று அங்கே முடிவு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சீட்டில் ரீ-1, ரீ-2 என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவேன். அதே கை, அதே ஜன்னல். ஆறு நாளுக்கும் வித்தியாசம் நிறத்தில் மட்டும்தான் இருந்தது.

படத்துக்கு வருகிறேன். இதில் கதை, கெய்ஜியோடு சேர்ந்து போரிடும் ரீட்டா என்ற பெண்ணின் பக்கமிருந்து நடக்கிறது. நாவலில் அவள் பெரும்பாலும் கெய்ஜி கண்ணால் பார்க்கப்படுகிறவள், நடுவில் ஒரு பகுதி மட்டும் அவளுடையது. நாவலில் வரும் பகைவர்கள் உப்பிப்போன தவளைப் பிணம் போல இருப்பார்கள். படத்திலோ வானத்திலிருந்து வந்து வேரூன்றி நிற்கும் 'டாரோல்' என்ற ராட்சதச் செடி. ஒருநாள் அதிலிருந்து பூவும் இதழுமாக எமன்கள் கிளம்பி வருகின்றன. விமர்சகருக்கு இந்த அழகுதான் உறுத்துகிறது. காந்தள் பூவைப் பார்த்திருக்கிறாரா? சிவப்பும் மஞ்சளும் தீ மாதிரி எரியும். கிழங்கைத் தின்றால் ஆள் காலி. இயற்கையில் விஷம் எப்போதும் சாம்பல் நிறத்தில் வருவதில்லை.

ஹாலிவுட் படம் சேறும் புகையுமாக இருந்தது சரி. அங்கே மனித முகங்கள் இருந்தன. அலுப்பை, பயத்தை, ஒரே நாளை நூறாவது முறை வாழ்கிறவனின் எரிச்சலை நடிகர் முகத்திலேயே காட்டிவிடலாம். வரைந்த முகத்தில் நாலு கோடுதான். மிச்சத்தை நிறம் சொல்ல வேண்டும். இது பழக்கமான இடமா, இன்று புதிதாக ஏதோ நடக்கப்போகிறதா என்பதை வசனம் வருவதற்கு முன்பே கண் கண்டுபிடித்துவிடுகிறது என்றால் அதற்காக ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து நிறம் தேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நாவலிலும் எழுத்தாளர் இதைச் செய்திருக்கிறார். களத்தில் எல்லோரும் கண்ணில் படாமல் ஒளியப் பார்க்கும்போது ரீட்டாவின் கவசம் மட்டும் அடர்சிவப்பு. கடைசிப் பக்கங்களில் இன்னொரு நிறம் வரும், அதை நான் சொல்லிக் கெடுக்கப்போவதில்லை.

எனக்கும் படத்தில் ஒரு குறை உண்டு. மொத்தமே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவு, அதனால் சலிப்பு வருவதற்குள் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ரீட்டா சலித்துப்போனாள் என்று நமக்குத் தெரிகிறது, நாம் சலித்துப்போகவில்லை. 2009-இல் 'ஹருஹி சுசுமியா' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் ஒரே கோடை விடுமுறைக் கதையை எட்டு வாரம் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அதில் என்னை மலைக்க வைத்தது வேறு. எட்டு அத்தியாயத்தையும் புதிதாக வரைந்திருந்தார்கள், குரலும் புதிதாகப் பதிவு செய்திருந்தார்கள். பழைய படங்களையே திரும்பப் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? 1963-இல் 'ஆஸ்ட்ரோ பாய்' டிவி அனிமேஷன் தொடர் தொடங்கியபோதே அதை உருவாக்கிய ஒசாமு தெஸுகா வரைந்த படங்களைச் சேமித்துவைத்து மறுபடி மறுபடி எடுத்தாளும் வழியைக் காட்டிவிட்டாரே. அதுவும் லூப் கதை, கேட்கவே வேண்டாம். இருந்தும் உடைகளைக்கூட வாரத்துக்கு வாரம் மாற்றி, நிறம் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெயிண்ட் பிரிவில் இருந்தவர்களை நினைத்து உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்தப் படத்தை மகனோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். ரீட்டா மறுபடியும் விழித்தெழும் இடத்தில் நான் திரைக்கு வெகு அருகே குனிந்துவிட்டேன் போலிருக்கிறது. "என்னம்மா பாக்கறே?" என்றான். "லீக் இருக்கான்னு பாக்கறேன்டா" என்றேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, இரண்டு முறை பார்த்தோம். இல்லை.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இணைப்பின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் முழுக்கக் கலரில் வருகிறது. அடுத்த தடவை வண்ணத்தைத் திட்டி எழுதும் விமர்சனத்தைத் தயவுசெய்து அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயிண்ட் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகி