டவுன்ஹால் ரோடு பழைய ஹோட்டல் கட்டிடத்தை இடிக்கும் முன் ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: டவுன்ஹால் ரோடு வியாபாரிகளும் குடியிருப்போரும், மதுரை – 1.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.

பொருள்: பழைய மாடி ஹோட்டல் கட்டிடம் – இடிப்பை நிறுத்திவைத்து ஆய்வு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய மாடி ஹோட்டலை இடிக்கப்போவதாகத் தெரிகிறது. முன்புறம் தகரம் அடைத்துவிட்டார்கள்.

1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வெளிவீதிகள் வந்தன. 1875-ல் ரயில் வந்தது. அதற்கு முன் வெளியூர்க்காரர்களுக்குச் சத்திரம்தான் கதி. ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. காசு கொடுத்துச் சாப்பிட காபி கிளப்பும், தங்க லாட்ஜும் அப்புறம் முளைத்தவை. இந்தக் கட்டிடம் அந்த வரிசையில் வந்தது.

உள்ளே சாப்பிட்டவர்கள் எங்களில் பலர் இருக்கிறோம். கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் நின்று நின்றே தரை தேய்ந்து பள்ளமாகியிருக்கும். மாடியைத் தாங்குவது தேக்கு உத்தரம். அதன்மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் தளம். பின்கட்டில் ஆட்டுரல்கள் பதித்தது பதித்தபடி கிடக்கின்றன. சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே பாதி இடித்த சுவர் ஒன்று உண்டு. சாதி பார்த்துப் பந்தி பிரித்த சுவர் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, உணவகத்துக்குள் நுழைய யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்றது. அந்தச் சுவரில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டியது அது.

உரிமையாளர்களைக் குறை சொல்லவில்லை. பாகம் பிரிந்த சொத்து, பராமரிப்பும் சுலபமில்லை. ஆனால் வழி பக்கத்திலேயே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டில் இன்று கதர் கடை நடக்கிறது. வியாபாரமும் நடக்கிறது, வீடும் பிழைத்தது.

ஆகவே, தொல்லியல் துறை பார்வையிட்டு அறிக்கை தரும்வரை இடிப்பை நிறுத்திவைக்குமாறு மாநகராட்சிக்கு உத்தரவிடவும், 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தின்கீழ் இக்கட்டிடத்தைப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். கட்டிடம் தாங்காது என்று பொறியாளர்கள் சொன்னால், சரி, இடிக்கட்டும். அதற்கு முன் அளவெடுத்து, வரைபடமும் புகைப்படமும் தயாரித்து, ஆட்டுரல் ஒன்றையும் உத்தரம் ஒன்றையும் மதுரை அரசு அருங்காட்சியகத்தில் சேர்க்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டவுன்ஹால் ரோடு வியாபாரிகள், குடியிருப்போர்

இடம்: மதுரை
இணைப்பு: கட்டிடத்தின் புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்