நாசிக் கன்று கம்பத்தில் நாசிக் ஒயின் தருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பம் பள்ளத்தாக்கில் கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சைக் கன்றுகளை நட்டால் நாசிக்கைப் போல இங்கும் ஒயின் ஆலைகள் வந்துவிடும் என்று உங்கள் வேளாண் பக்கக் கட்டுரை சொல்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் கட்டுரை முழுக்க ரகத்தின் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. நாசிக்கில் அந்தக் கொடியை எந்த மாதம் வெட்டுகிறார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கேபர்னேயின் சொந்த ஊரான பிரான்ஸின் போர்தோவில் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ பழம் தரும். நாசிக்கில் கொடி தானாக உறங்குவதில்லை. அதனால் ஒரு விளைச்சலுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் செய்வது அடிக் கவாத்து. கிளைகளை ஒன்றிரண்டு மொட்டு மட்டும் விட்டு ஒட்ட வெட்டிவிடுவார்கள். அப்போது கிளம்பும் புதுக் குச்சியின் மொட்டுக்குள் அடுத்த கொத்து உருவாவது சுமார் 40 முதல் 60 நாளுக்குள். அந்த நாட்களில் நல்ல வெயில் வேண்டும். அடிக் கவாத்தை மே கடைசிக்குத் தள்ளினால் அந்த நாட்கள் பருவமழை மேகத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் கொத்துக்குப் பதில் பற்றுக்கம்பிதான் வரும்.

இரண்டாவது, காய்ப்புக் கவாத்து. இது செப்டம்பர், அக்டோபரில். அவசரப்பட்டு ஆகஸ்டில் வெட்டினால் பூக்கும் நேரத்தில் மழை பிடித்து அடிச்சாம்பல் நோய் பூங்கொத்தையே கருக்கிவிடும். நவம்பர் வரை இழுத்தடித்தால் பழம் மார்ச் கடைசி, ஏப்ரல் வெயிலில் பழுத்து அமிலம் ஓடிவிடும். சரியான வாரத்தில் வெட்டினால், கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் வாக்கில் உள்ள அந்த மண்ணில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 10 டிகிரி வாக்கில் குளிரும்போது காய் நிறம் மாறிப் பழுக்கும். நாசிக் ஒயினைத் தாங்கி நிற்பது அந்தக் குளிர்ந்த இரவுகள்தான்.

காய்ப்புக் கவாத்து செய்த ஓரிரு நாளுக்குள் மொட்டுகளில் ஹைட்ரஜன் சயனமைடு என்ற, மொட்டுகளைச் சேர்ந்தாற்போல் விழிக்கவைக்கும் மருந்தைத் தடவுவார்கள். குளிர் பார்க்காத கொடியில் குச்சியின் நுனி மொட்டு இரண்டும் முதலில் விழித்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை எழும்பவிடாது. மருந்து தடவாவிட்டால் ஒரே கொடியில் ஒரு கொத்து 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு), இன்னொன்று 18 என்று நிற்கும். (இந்த மருந்தைக் கையாண்டவர் அதற்குப் பிறகு சில நாட்களுக்கு மது தொடவே கூடாது. உடல் ஆல்கஹாலை முறிக்கும் வழியை அது அடைத்துவிடும். முகம் சிவந்து, மூச்சு முட்டி, மருத்துவமனை வரை போக நேரும். கூலிக்கு வருபவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.)

இனி கம்பத்துக்கு வருவோம். நம் பன்னீர் திராட்சைக்கு டிசம்பர்-ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல்-மேயில் அறுவடை. மே-ஜூனில் செய்தால் ஆகஸ்ட்-செப்டம்பரில் அறுவடை. இரண்டு பருவத்திலும் பழுக்கும் காலத்து இரவு, நாசிக்கின் ஜனவரி இரவுக்குப் பக்கத்தில்கூட வராது. இரவு சூடாக இருந்தால் கொடி பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். கேபர்னேயின் தோலில் நிறமும் ஏறாது. சர்க்கரை மட்டும் வேகமாக ஏறும். பிரிக்ஸைப் பார்த்து 'பழுத்துவிட்டது' என்று பறித்தால் விதை இன்னும் பச்சையாக, துவர்ப்பாக இருக்கும். விதை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) 3.8ஐத் தாண்டும்.

பிஎச் ஏறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒயினைக் கெடாமல் காப்பது கட்டற்ற நிலையில் உள்ள கந்தக டைஆக்சைடு. பிஎச் 3.4 என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சொச்சம் போதும். 3.8 ஆனால் அதே காப்புக்கு 80 வரை வேண்டும். அந்த அளவில் மூக்கில் நெடி அடிக்கும். டார்டாரிக் அமிலம் சேர்க்கலாம், நாசிக்கிலும் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் பிஎச் ஏறக்குறைய 0.1 இறங்கும். அதையும் நொதிக்க விடுவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் கொட்டினால் நாக்கில் தனியாகத் தெரியும், அடியில் உப்புப் படிகமும் தங்கும். ஆனால் 3.9ஐ 3.5க்கு இறக்க இதையே நம்பினால் குடிப்பது ஒயினாக இருக்காது.

கட்டுரையில் அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதியில் விளையும் மால்பெக் என்ற சிவப்பு ஒயின் ரகத்தை உதாரணம் காட்டியிருந்தீர்கள். பிரான்ஸிலிருந்து 1853ல் அர்ஜென்டினா போன அந்த ரகம் அங்கே செழித்தது உண்மை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும், 700 முதல் 1,500 மீட்டர் உயர மலையடிவாரம். ஆண்டீஸ் பனி உருகிய நீரில் பாசனம். கொடி அங்கே ஒழுங்காக உறங்கவும் செய்கிறது. கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம். இரண்டு பருவமழையின் கையும் படும் இடம்.

விளைச்சல் கணக்கும் இடிக்கிறது. பந்தலில் பன்னீர் திராட்சை ஆண்டுக்கு ஏக்கருக்கு 12 டன் தரும். நல்ல சிவப்பு ஒயினுக்கு 4, 5 டன்னுக்கு மேல் விடக் கூடாது. கட்டுரையாளர் 12 டன்னை ஒயின் திராட்சை விலையால் பெருக்கியிருக்கிறார். வேர்ச்செடி (ரகத்தை ஒட்டுக்கட்டும் அடிச்செடி) பற்றியும் பேச்சில்லை. டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் ஒட்டிய கொடி பந்தலில் கட்டுக்கடங்காமல் படரும். நிழலில் கிடக்கும் பழத்தில் பொட்டாசியம் கூடி பிஎச்சும் ஏறும். ஒயினுக்கு 110ஆர் போன்ற மிதமான வேர்ச்செடியும், செங்குத்துக் கம்பி வரிசையும்தான் பொருத்தம்.

வெளிநாட்டு ரகம்தான் வேண்டும் என்றால் கேபர்னேயை விட ஷிராஸும், சூட்டிலும் அமிலத்தை ஓரளவு விடாத செனின் பிளாங்கும் மேல். செனினின் கொத்து நெருக்கமானது, பழுக்கும்போது ஒரு மழை விழுந்தால் உள்ளிருந்து அழுகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையே ஊர் விட்டு வந்த ஐரோப்பிய ரகம்தான்: மஸ்கட் ஹாம்பர்க். கிரீஸின் திர்னாவோஸில் இதிலிருந்து ஒயின் எடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் பாதி நொதித்ததும் திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்தி, 15 சதவீத வாக்கில் ஆல்கஹால் உள்ள இனிப்பு ஒயின் ஆக்குகிறார்கள். இந்தப் பாணியில் ரோஜா மணம் நிற்கும், நிறம் குறைந்தாலும் குறையாகத் தெரியாது. நம் ஊர்ப் பழத்துக்கு இதுவே ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

இதைச் சோதிக்கப் புதுக் கன்று எதுவும் வேண்டாம். இருக்கும் தோட்டத்திலேயே நிறம் ஏறத் தொடங்கியதிலிருந்து வாரம் ஒருமுறை, விடியற்காலையில், பந்தலின் வெயில் பக்கமும் நிழல் பக்கமுமாக, கொத்தின் மேல், நடு, அடி என்று 100 பழம் எடுத்துப் பிழிந்து பிரிக்ஸ், மொத்த அமிலம், பிஎச் மூன்றையும் எழுதி வைக்கலாம். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மேசைப் பழத்துக்கு 16 பிரிக்ஸில் பறிப்பார்கள். அதை நொதிக்கவைத்தால் 9 சதவீத ஆல்கஹால்தான் வரும். ஒயினுக்கு 20, 21 வேண்டும். அந்த அளவைத் தொடும் வாரத்தில் பிஎச் 3.7க்குள் நின்றால் அந்தப் பருவத்துப் பழத்தை ஆலைக்குப் பேசலாம். தாண்டிவிட்டால் வழக்கம்போல மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
திராட்சைத் தோட்ட ஆலோசகர்,
தேனி மாவட்டம்.