132 யார்டை மறந்துவிட்டு ஆடுங்கள் தம்பிகளே
பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

2024 டிசம்பர் 31 மாலை அரிசோனாவின் கிளெண்டேலில், ஃபியஸ்டா பௌல் என்ற கோப்பை ஆட்டத்தில், பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியை எதிர்த்து இறங்கப் போகிறீர்கள். கல்லூரிச் சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் தொடர் 12 அணிகளோடு முதன்முதலாக நடக்கும் ஆண்டு இது. அதில் உங்களுக்குக் காலிறுதி. பாய்சியில் கடைக்குப் போனாலும் அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே எண்தான் காதில் விழுகிறது: 132. பந்தை ஏந்தி ஓடும் நம் ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்டி இன்னும் 132 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) ஓடினால், 1988-ல் பேரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் ஓடிய 2,628 யார்டு சாதனை முறிந்துவிடும்.

எனக்கும் அந்த ஆசை உண்டு. டிசம்பர் 6 அன்று நெவாடா லாஸ் வேகஸ் அணியோடு நீங்கள் ஆடிய கான்ஃபரன்ஸ் (நம் வட்டார லீக்) இறுதிப் போட்டியின்போது, நம் நீலப் புல்தரைக்கு மேலே ஒரு வரிசையில் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பந்து வருவதற்கு முன் மற்ற ரன்னிங் பேக்குகள் முட்டியில் கை ஊன்றிக் குனிவார்கள். ஜென்டி நிமிர்ந்து நிற்பார், இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி. பாதி ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து கைக்கு வந்தது, வரிசையில் ஒரு சந்து திறந்தது, அவ்வளவுதான். 75 யார்டு. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கியதில் கையிலிருந்த காபி பாதி கொட்டிவிட்டது. அன்று மட்டும் 209 யார்டு. 21-7 என்று ஜெயித்தோம்.

ஆனால் அந்தச் சந்தைத் திறந்தது ஜென்டி இல்லை. எதிராளிகளைத் தள்ளி வழி உண்டாக்க முன்வரிசையில் நின்ற நம் ஐந்து பேர். அவர்கள் பெயர் தலைப்புச் செய்தியில் வராது. இந்த மடலை முக்கியமாக அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

சாண்டர்ஸ் அந்த 2,628-ஐ 11 ஆட்டங்களில் எடுத்தார். அதற்குப் பிறகு ஹாலிடே பௌல் என்ற கோப்பை ஆட்டத்தில் ஓடிய 222 யார்டை அந்தக் காலத்தில் கணக்கில் சேர்க்கவில்லை. ஜென்டிக்கு இது பதினாலாவது ஆட்டம். ஆக, சாதனை முறிந்தாலும் வாதம் தீராது. அதைத் துரத்தி ஒரு ப்ளேயை, அதாவது ஒரு தாக்குதல் முயற்சியைக்கூட வீணாக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் நீங்கள் அப்படித் துரத்தியதும் இல்லை. எளிதாக ஜெயித்த ஆட்டங்களில், எண்ணிக்கை கையெட்டும் தூரத்தில் இருந்தும் பயிற்சியாளர் டேனியல்சன் அவரை இரண்டாம் பாதியில் உட்காரவைத்தார். ஜென்டியும் முகம் சுளிக்காமல் ஓரத்தில் நின்று கை தட்டினார். அதே மனசோடு அரிசோனாவுக்கும் போங்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. செப்டம்பர் 7, ஓரிகன் அணியோடு ஆடியது. உங்கள் ஒரே தோல்வி. ஜென்டி அன்று 192 யார்டு, மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்). அப்படியும் 37-34 என்று தோற்றோம். பந்தை அவர்களிடம் விட்டுக்கொடுக்க நாம் தூர உதைத்த ஒரு பன்ட்டை அவர்கள் 85 யார்டு திருப்பிக் கொண்டுவந்து டச் டவுன் ஆக்கினார்கள். கடைசிக் கால்பகுதியில் நாம் 34-27 என்று முன்னேறிய கையோடு, உதைத்துவிட்ட பந்தை எடுத்து 100 யார்டு ஓடிச் சமன் செய்தார்கள். கடைசி நொடியில் அவர்களுக்கு ஒரு ஃபீல்ட் கோல், கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி. தாக்குதலும் தடுப்பும் செய்ததை, உதைத்த பந்தைத் துரத்துகிற வேலையில் கோட்டை விட்டோம். தம்பிகளே, அந்த இரண்டு ஓட்டங்களின் பதிவை இந்த வாரம் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அன்று உங்களைத் தாண்டிப் போனவன் எந்த ஓரமாகப் போனான் என்று பாருங்கள்.

அப்புறம் பென் ஸ்டேட்டின் 44-ஆம் எண், டைலர் வாரன். டைட் எண்ட் (மறிப்பதும் பந்து பிடிப்பதும் செய்யும் ஆள்) என்று பெயர், ஆனால் எங்கே நிற்பார் என்று சொல்லவே முடியாது. அக்டோபரில் தெற்கு கலிஃபோர்னியா அணிக்கு எதிராக 17 பந்து பிடித்து 224 யார்டு எடுத்தார். அதில் ஒரு டச் டவுனில், நடுவில் நின்று பந்தைப் பின்னால் தள்ளிவிட்டவரும் அவரே, ஓடிப்போய்ப் பிடித்தவரும் அவரே. ஒவ்வொரு ப்ளேக்கும் முன்னால் அவரைக் கண்ணால் தேடி, கத்திச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பந்தை வீசும் நம் குவார்ட்டர்பேக் மேடக்ஸ் மேட்சன் தம்பிக்கு ஒரு வார்த்தை. முதல் சுற்றில் பென் ஸ்டேட் 38-10 என்று எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) அணியை அடித்ததே, அது எப்படித் தொடங்கியது என்று பார்த்திருப்பீர்கள். எதிரணி குவார்ட்டர்பேக் வீசிய இரண்டு பந்துகளை இடைமறித்து, முதல் பாதியிலேயே நேராக டச் டவுன் ஆக்கிவிட்டார்கள். ஜென்டியை மறிக்க எட்டுப் பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆட்டம் உங்கள் கைக்கு வந்துதான் தீரும். அவர்களுடைய தடுப்பு வீரர் அப்துல் கார்ட்டர் பாய்ந்து வரும்போது பந்தை வெளியே எறிந்துவிடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

தரவரிசையில் ஒன்பதாவதாக இருக்கும் அணிக்கு ப்ளேஆஃபில் மூன்றாம் இடம் (சீட்) எதற்கு என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றவர்களில் தரவரிசையில் முன்னால் நிற்கும் நாலு அணிகளுக்கே முதல் நாலு இடம் என்பதுதான் இந்த 2024 பருவத்தின் விதி. நீங்கள் வென்றீர்கள். பேசுபவர்கள் பேசட்டும், விடுங்கள்.

நீங்கள் ஆடப்போகும் அதே அரங்கில்தான் 2007 ஜனவரி 1 அன்று ஓக்லஹோமாவை 43-42 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தோம். உங்களில் பலர் அப்போது சின்னக் குழந்தைகள். நம் அன்றைய குவார்ட்டர்பேக் ஜேரட் சப்ரான்ஸ்கி வலது பக்கம் வீசுவதுபோல் கையை ஓங்கினார். மைதானமே வலப்பக்கம் திரும்பியது. அவர் முதுகுக்குப் பின்னால் இடது கையில் இருந்த பந்தை இயன் ஜான்சன் வாங்கிக்கொண்டு இடப்பக்கம் தனியாக நடந்துபோகாத குறையாக உள்ளே போனார். அதுவும் ஃபியஸ்டா பௌல்தான். அந்தக் கோப்பைக்காக அதன் பிறகும் இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் வென்றோம். பென் ஸ்டேட்டும் அந்தக் கோப்பைக்கு ஏழு முறை ஆடி ஏழையும் வென்ற அணி. ஒருவருடைய கணக்கு செவ்வாய்க்கிழமை உடையும்.

எங்கள் தெருவில் நாலு குடும்பம் ஒரே வீட்டில் கூடுகிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது, ஜென்டியின் 2-ஆம் எண் சட்டையை இப்போதே மடித்துவைத்திருக்கிறாள். நான் ஜென்டியைப் பார்க்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரின் கால்களைத்தான் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
பாய்சியிலிருந்து ஒரு ரசிகன்